பெருமாளில் உள்ளபடியே

ஏப்ரல் 12

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவருடைய புத்தக அலமாரியில் இருந்த பழைய வசம்புத் துண்டுகளை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தேன். காப்பி அதற்குப் பிறகுதான். நேற்று மாலை நல்ல மழை. நாகர்கோவிலில் கோடைமழை பெய்தால் இந்த வீட்டில் முதலில் ஈரமும் பூச்சியும் ஏறுவது அந்த அலமாரிக்குத்தான்.

ஸ்டாம்புகள் வேறு பீரோவில் இருக்கின்றன. இது ஸ்டாம்புகளைப் பற்றிய புத்தகங்களுக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்டாம்புகளைக் காட்டச் சொல்வார்கள்; இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டுவாரியாகக் கேட்டலாகுகள், காகிதத்தின் நீர்க்குறிகளைப் பற்றி ஒரு புத்தகம், ஸ்டாம்பின் ஓரத்துப் பல்வெட்டுகளைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம், எங்கோ என்றோ நடந்து முடிந்த ஏலங்களின் பட்டியல்கள். கல்யாணமான புதிதில் இவற்றை யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். "வாசிக்கதுக்கு இல்ல பகவதி. கையில உள்ளதை ஒத்துப் பாக்கதுக்கு" என்றார்.

நடுத்தட்டில், துணி அட்டை போட்ட மெல்லிய புத்தகம் வேலாயுதப் பெருமாள் எழுதியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மகாராஜா தனியாக ஒரு தபால் நடத்தினார். அதற்கு அஞ்சல் என்று பெயர். ஒவ்வோர் ஊர் அஞ்சல் ஆபீசும் கடிதத்தின் மேல் தன் முத்திரையைக் குத்தும். அந்த முத்திரைகளை எண் போட்டு, படம் போட்டுத் தொகுத்தவர் பெருமாள். அவர் இறந்து நெடுங்காலம் ஆகிறது. சேகரிப்பவர்கள் அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்வதில்லை. "பெருமாள்ல இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இருந்தால் பேச்சு முடிந்தது.

அந்த இடத்துக்கு இனி இவர் புத்தகம் வரவேண்டும் என்பது இவர் ஆசை. வங்கியில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினார். விருப்ப ஓய்வு வாங்கியபின் எல்லா நாளும் எழுதுகிறார். ஜூலையில் நடக்கும் கண்காட்சியில் ஸ்டாம்புகளுக்கு மட்டுமல்ல, அவற்றைப் பற்றிய புத்தகங்களுக்கும் போட்டி உண்டு. இலக்கியப் பிரிவு என்பார்கள். முதன்முறை கேட்டபோது யாராவது கவிதை வாசிப்பார்களோ என்று நினைத்தேன்.

"நாளைக்கு ஆளுக, தாணு நம்பர் நாப்பத்தேழுன்னு சொல்லணும். அம்புட்டுத்தான் எனக்கு வேண்டியது" என்று ஒருமுறை சொன்னார். இவர் பெயர் தாணுமூர்த்தி. நாற்பத்தேழு, அவர் புத்தகத்தில் ஈத்தன்குழி என்ற ஊரின் முத்திரைக்கு உள்ள எண்.

ஏப்ரல் 14

சித்திரை விசு. கனி வைத்தேன். வெள்ளரிக்காயை எடுத்துக் கும்பிட்டுவிட்டு, மாம்பழம் நல்ல பெரிசு என்றார்.

ஏப்ரல் 18

கல்லூரி விடுமுறை. புத்தகத்துக்கான படங்களை வரையத் தொடங்கிவிட்டேன். பழைய முத்திரைகளைப் புகைப்படம் எடுத்தால் மசிக்கறைதான் விழும், அதனால் இந்தத் துறையில் இன்னும் கையால் வரைந்துதான் போடுகிறார்கள். முன்னுரையில் "படங்கள் வரைந்துதவிய என் துணைவியாருக்கு" என்று ஒரு வரி இருக்கிறது.

நான் தாவரவியல் படித்தவள், அதையே பெண்கள் கல்லூரியில் நடத்துகிறவள். ரெக்கார்டு நோட்டில் படம் வரையும்போது மாணவிகளிடம் சொல்வேன்: உங்களுக்குத் தெரிந்த இலையை வரையாதீர்கள், முன்னால் இருக்கிற இலையை வரையுங்கள். யாரும் கேட்பதில்லை. புத்தகத்து இலையைத்தான் வரைவார்கள், அது அழகாக இருக்கும்.

இன்று ஈத்தன்குழி. மலையோரத்துச் சின்ன ஊர். அஞ்சல் ஆபீஸ் அங்கே சில வருடங்கள்தான் இருந்தது. பெருமாள் அதன் முத்திரையைப் படம் போட்டிருக்கிறார். எந்தக் கடிதத்தைப் பார்த்து வரைந்தாரோ அது பின்னால் தொலைந்துவிட்டது. அதன்பின் ஒருவர் கையிலும் ஈத்தன்குழி முத்திரை குத்திய கவர் இருந்ததில்லை. போன வருடம் அருமைராஜ் கொண்டுவந்து கொடுத்தது வரைக்கும். அருமைராஜ் இவருக்கு நெடுநாள் சிநேகிதர், பழைய தபால்களை வாங்கி விற்பவர். கவர் வந்த அன்று இவர் அதைப் பால்காரரிடம்கூடக் காட்டினார். விலையை நான் கேட்கவில்லை.

லென்ஸை வைத்து முத்திரையை முழுதாகப் பார்த்தது இன்றுதான். வெளிவட்டம், உள்ளே ஊர்ப் பெயர், நடுவில் சமஸ்தானத்தின் சங்கு. வட்டத்தின் கீழே இடப்பக்கம் ஓரிடத்தில் கோடு கொஞ்சம் தடித்திருக்கிறது. நான் காம்பஸ் பேனாவால் வட்டம் போட்டாலும் அப்படித்தான் வரும். தொடங்கிய இடமும் முடித்த இடமும் சேரும்போது மசி இரட்டிக்கும். பித்தளையில் வெட்டிய முத்திரையில் அது எதற்கு வருகிறது என்று தெரியவில்லை. பெருமாளை எடுத்துப் பார்த்தேன். அங்கும் அதே இடத்தில் அதே தடிப்பு.

அவரிடம் சொன்னேன்.

"அதைத்தானே நானும் சொல்லுதேன். பெருமாள்ல உள்ளபடியே இருக்கு. அந்தச் சின்னத் தடிப்பைக்கூட விடாம வரைஞ்சிருக்காரு பாரு மனுசன்" என்றார்.

இருக்கலாம். இன்று வேறு மூன்று ஊர்களை வரைந்தேன். ஈத்தன்குழியைப் பிறகு பார்க்கலாம்.

ஏப்ரல் 23

தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுது. விடைத்தாள் திருத்தப் போய் வந்தேன்.

ஏப்ரல் 26

மகள் தீபா பெங்களூரிலிருந்து பேசினாள்.

"அப்பா புக்கு முடிஞ்சுதா, இல்ல நான் ரிட்டையர் ஆன பொறவா?"

"ஜூன்ல வந்துரும்."

"உன் பேரு போடுவாங்களாம்மா?"

"துணைவியார்னு இருக்கு."

"அது பேரா? எத்தனை பேருக்குத் துணைவியார் இருக்காங்க."

அவர் போனை வாங்கி, ஈத்தன்குழி பற்றிப் பத்திரிகையின் வட்டாரப் பக்கத்தில் அவர் எழுதிய சிறு கட்டுரை வந்திருப்பதைச் சொன்னார். படித்துக் காட்டவும் செய்தார். அவள் முழுதும் கேட்டாள். பொறுமை என்னிடமிருந்து வந்தது.

மே 2

பத்தரை மணிபோல ஓர் அம்மாள் வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் துணிப்பை. பெயர் ஞானசௌந்தரி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஈத்தன்குழிக்காரர். கட்டுரையைப் படித்துவிட்டு, பத்திரிகையில் விலாசம் கேட்டு வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"எங்க ஊரைப் பத்தி பேப்பர்ல வந்தது இதுதான் மொதல் தடவ. அதுக்கு முன்ன ஒரு தடவ யானை வந்தப்ப போட்டான். அது ஊரைப் பத்தி இல்ல, யானையைப் பத்தி" என்றார்.

பையிலிருந்து ஒரு பைபிளை எடுத்தார். அதற்குள்ளிருந்து, நாலாக மடித்த கடிதம் ஒன்று. அவருடைய தாத்தா, பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த தம்பிக்கு எழுதியது. பையன் பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் சுகம் என்று நாலே வரி. பையன் என்பது ஞானசௌந்தரி டீச்சரின் அப்பா. தம்பி ஊர் திரும்பியபோது கடிதத்தையும் கொண்டுவந்திருக்கிறார். அன்றிலிருந்து பைபிளுக்குள்தான் இருக்கிறது. பின்பக்கம் விலாசம், அஞ்சல் தலை, அதன்மேல் ஈத்தன்குழி முத்திரை.

இவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "இதைக் குடுப்பியளா டீச்சர்? என்ன வேணும்னாலும்..."

"அய்யோ, அதெப்படி குடுப்பேன். எங்கப்பா பொறந்த சேதியில்லா அது. படம் எடுத்துக்கிடுங்க. தாளு எனக்கு வேணும்."

"படம் போதும், படம் போதும்."

அவர் கேமராவைத் தேடிப் போனார். நான் கடிதத்தை லென்ஸில் பார்த்தேன். வட்டம் கோணலாக இருந்தது, கையால் வெட்டியது என்று தெரிந்தது. எங்கும் தடிப்பு இல்லை. நடுவில் சங்கு. அது எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. சமஸ்தானத்தின் சின்னம் வலம்புரிச் சங்கு; டீச்சரின் கடிதத்தில் அது வலம்புரி. எங்கள் கவரில் இருப்பது, பெருமாளில் உள்ளதுபோலவே, இடம்புரி.

கொடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது முதலில் கேட்கும் கேள்வியே எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதுதான். இதை நான் போன மாதமே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பெருமாளோடு ஒத்துப் பார்த்தேன், சங்கைப் பார்க்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

டீச்சர் சாப்பிட்டுவிட்டுப் போனார். புளிக்குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவதா, வறுத்து ஊற்றுவதா என்று பேசிக்கொண்டிருந்தோம். கடிதத்தைப் பைபிளில் எந்த இடத்தில் வைத்திருந்தாரோ அதே பக்கத்தைத் தேடி வைத்தார்.

மே 3

சங்கைப் பற்றிச் சொன்னேன். கவரையும் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப ரெண்டு சீல் இருந்திருக்கு. மொதல்ல இடம்புரியா வெட்டிட்டான், தப்புன்னு தெரிஞ்ச பொறவு வேற வெட்டியிருக்கான். வகை ஒண்ணு, வகை ரெண்டு. இது பெருமாளுக்கே தெரியாது, பகவதி."

"கொஞ்ச வருசம்தானே ஆபீஸ் இருந்துது. ரெண்டு சீல் வெட்டுவாங்களா?"

"வெட்டியிருக்கானே. கண்ணு முன்ன கெடக்கே."

மதியத்துக்குள் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதிவிட்டார். வகை ஒன்று: பெருமாளில் உள்ளபடி. வகை இரண்டு: இப்போது முதன்முறையாகப் பதிவாவது. ஒத்துப்போகாத ஒன்று கிடைத்தால் அதற்கு ஒரு வகை எண் கொடுத்துவிடுவது சேகரிப்பவர்கள் வழக்கம். அலமாரியில் உள்ள புத்தகங்களில் பாதி அப்படி வளர்ந்தவை.

இரண்டையும் வரைந்து தரச் சொன்னார். வகை இரண்டை வரைந்தேன். கோணல் வட்டம் வரைவது சிரமம்.

மே 8

விடைத்தாள்கள் முடிந்தன. வகை ஒன்றை இன்னும் வரையவில்லை. அவர் கேட்டார். பேனா முனை சரியில்லை என்றேன்.

மே 11

மருத்துவமனை. வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, இடது கண்ணிலும் இருக்கிறது, முதலில் வலதைச் செய்துவிடலாம் என்றார் டாக்டர். இருபதாம் தேதி. பிழைதிருத்தம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார். "பிழை கண்ணுக்குத் தெரியணும்லா சார்" என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஆட்டோவில், எவ்வளவு நாளாகச் சரியாகத் தெரியவில்லை என்று கேட்டேன். லென்ஸ் வைத்தால் தெரிகிறது என்றார்.

மே 14

வரைந்த படங்களை அச்சகத்தில் கொடுக்கப் போனேன். ராஜநாயகத்தின் அச்சகம் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பெயர் போனது. என்னையும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முத்திரைகளைப் பகுதி பகுதியாக வாங்கிக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பொருத்துகிறார்: வட்டமும் எழுத்தும் ஒன்று, நடுவில் உள்ள சின்னம் வேறு.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

"டீச்சர், இந்தச் சங்கு வெளிய பாத்துட்டு நிக்கு. உள்ள பாக்க மாதிரி திருப்பிப் போட்டுரட்டா?"

"எதுக்கு?"

"வலப்பக்கத் தாளுலா? படம் எப்பவும் பக்கத்துக்குள்ள பாக்கணும். வெளிய பாத்தா, வாசிக்கவன் கண்ணும் வெளிய போயிரும். கல்யாணப் பத்திரிகையில நாதசுரக்காரன் படம் போட்டாக்கூட உள்ள பாத்துத்தான் ஊதணும். எங்கப்பா காலத்துலேந்து இதுதான் முறை. அப்ப அச்சுப் பிளாக்கையே மாத்திச் செய்யணும், இப்ப ஒரு செகண்ட்."

அதற்குள் திருப்பியும் விட்டார். உண்மையில் பக்கம் அழகாகத்தான் இருந்தது.

"வேண்டாம். இருந்தபடியே இருக்கட்டும்" என்றேன்.

"சங்குதானே டீச்சர்."

"திருப்புனா வேற முத்திரை ஆயிரும்."

"யாரு பாக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டே மறுபடி திருப்பினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பெருமாளை எடுத்தேன். ஈத்தன்குழி வலப்பக்கத் தாளில், வெளி ஓரத்தில் இருக்கிறது. சங்கு பக்கத்துக்குள் பார்க்கிறது. சங்கு உள்ள மற்ற ஊர்கள் எல்லாம் இடப்பக்கத் தாள்களில். அவை தாமாகவே உள்ளே பார்க்கின்றன.

அன்றும் யாரோ ஓர் அச்சகக்காரர் பக்கத்தின் அழகைப் பார்த்திருக்கிறார். பெருமாள் கவனிக்கவில்லை, அல்லது புத்தகம் வந்தபின் கவனித்து மனசுக்குள் வைத்துக்கொண்டார். முத்திரை திரும்பவில்லை. படம்தான் திரும்பியிருக்கிறது.

அப்படியானால் எங்கள் கவரில் குத்தியிருப்பது, காம்பஸ் தடிப்போடு சேர்த்து, இந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது என்பது தெளிவு. இதை எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது.

மே 16

இரண்டு நாள் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மதியம் சாப்பிடும்போது, ராஜநாயகத்தின் நாதசுரக்காரன் கதையாக மட்டும் சொன்னேன். அவர் நன்றாகச் சிரித்தார். "விட்டா மகாராஜாவையே திருப்பிப் போட்டுருவான்" என்றார்.

பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "பெருமாள்ல ஈத்தன்குழி வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"வலப்பக்கம்."

ரசம் கேட்டார். ஊற்றினேன். இலையில் அப்படியே இருந்தது.

மே 20

அறுவை நன்றாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது, கொஞ்ச நாளைக்கு வாசிக்கக் கூடாது. சொட்டுமருந்து மூன்று விதம்.

மே 22

பிழைதிருத்தப் படிகள் வந்துவிட்டன. ஜூன் முதல் வாரம் அச்சேறினால்தான் கண்காட்சிக்கு அனுப்ப முடியும். நான் வாசிக்க, அவர் ஈஸிசேரில் சாய்ந்து கேட்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "மறுபடி வாசி" என்பார். காற்புள்ளி எங்கே என்று கேட்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எனக்கு வேண்டியிருக்கிறது.

காலையில் ஒரு தடவை ஈத்தன்குழிக் கவரை எடுத்துத் தரச் சொல்வார். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்காமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு தருவார். உள்ளே வைப்பேன்.

மே 24

நாற்பத்தேழாம் எண் வந்தது. வாசித்தேன்.

"'வகை ஒன்று, பெருமாளில் உள்ளபடி. இதற்குச் சான்றாக இன்றுவரை அறியப்பட்டது ஆசிரியர் சேகரிப்பில் உள்ள ஒரே கவர்.'"

மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை. "அடுத்தது" என்றார்.

படத்துக்கு விட்ட இடம் காலியாக இருப்பதைச் சொன்னேன். "பேனா முனை வாங்கலையா?" என்று கேட்டார். வாங்க வேண்டும் என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. என் மேசையில் மூன்று புது முனைகள் இருப்பது அவருக்குத் தெரியும். வாங்கி வந்தவரே அவர்தான்.

மே 26

அருமைராஜ் வந்தார். கையில் ஆரஞ்சும் நேந்திரம்பழமும்.

"அண்ணாச்சி, கண்ணாடியில அசல் சினிமாக்காரன் மாதிரி இருக்கிய. மைனி, வெளிய தனியா விட்டுராதிய. ஒரு கட்டன் குடுங்க, சீனி கொறச்சு."

பால் விடாத கட்டன் சாயாவோடு நான் திரும்பியபோது மேசைமேல் ஓர் உறை இருந்தது.

"இன்னொண்ணு கெடைச்சிருக்கு, அண்ணாச்சி. ஈத்தன்குழி. பாருங்க. சரி, பாக்க முடியாது. மைனி, நீங்க பாருங்க."

இவர் என் பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

"பகவதி, லென்ஸ எடு. வட்டத்துல கீழ, இடப்பக்கம். தடிப்பு இருக்கா?"

"இருக்கு."

"சங்கு?"

"பெருமாள்ல உள்ளபடியே."

"பொறவென்ன" என்றார் அருமைராஜ். "ரெண்டும் ஒரே சீலு. உங்க புக்கு வந்துட்டா, தாணு நம்பர் நாப்பத்தேழு, வகை ஒண்ணுன்னு போட்டே குடுத்துரலாம். ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

"எங்க கெடைச்சுது?" என்று இவர் கேட்டார்.

"அதே பார்ட்டிதான். களியக்காவிளைப் பக்கம் பழைய பேப்பர் எடுக்கவன். இன்னும் ஒண்ணு ரெண்டு வரும் போல இருக்கு."

அருமைராஜ் சாயாவை ஊதிக் குடித்தார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவரும் பெருமாளை நம்புகிறவர்தான்.

"அருமை, நீ கொண்டு போ. எனக்கு ஒண்ணு போதும்" என்றார் இவர். "கண்ணு வலிக்கு. நான் கொஞ்சம் படுக்கேன்."

அருமைராஜை அனுப்பிவிட்டு வந்து சொட்டுமருந்து எடுத்தேன். எந்தக் கண் வலிக்கிறது என்று கேட்டேன். அறுவை செய்யாத கண்ணைக் காட்டினார். அதிலேயும் ஒரு சொட்டு விட்டேன்.

மே 27

இன்று கவரை எடுத்துத் தரச் சொல்லவில்லை.

மே 28

மாமரத்தில் கடைசிக் காய்களைப் பறித்தாயிற்று. பாதியை ஊறுகாய்க்கு நறுக்கினேன். அவர் கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்து, பருப்பு ஒட்டியிருந்த துண்டுகளைத் தடவிப் பார்த்து ஒதுக்கினார். நடுவில், "ஞானசௌந்தரி டீச்சருக்கு ஒரு புக்கு அனுப்பணும்" என்றார்.

மே 29

கடைசி அத்தியாயம். இந்த வகைக் கையேடுகள் எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயம் போலிகளைப் பற்றியதுதான். எந்த முத்திரையை யார் எப்படி ஏமாற்றிச் செய்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்று படங்களோடு. இவர் அதை மற்ற அத்தியாயங்களைவிடக் கறாராக எழுதியிருக்கிறார். நான் வாசித்துக்கொண்டே போனேன்.

"'போலி ஒன்று தன்னிடம் இருப்பதை அறிந்தும் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற சேகரிப்பாளர்தான் அதற்கு ஆயுள் தருகிறார். அவர் மௌனமாகப் பெட்டியில் வைக்கிறார். அவருக்குப் பின் அது உண்மையாகிவிடுகிறது.'"

"மறுபடி வாசி."

வாசித்தேன்.

"இதை நான் எப்ப எழுதுனேன்?"

"மூணு நாலு வருசம் இருக்கும்."

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

கொஞ்சம் கழித்து, கடைசிப் பக்கம் எங்கே முடிகிறது என்று கேட்டார். பாதியில் முடிகிறது, கீழே பாதி காலி என்றேன். "ம்" என்றார். ஜன்னலில் வெயில் அவர் கால்வரை வந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிப் போடட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்.

"திங்கக்கிழமை பிரஸ்ஸுக்கு நீயே போயிட்டு வந்துரு. நாப்பத்தேழுல படம் இல்லாம நிக்குல்லா, அதையும் நீயே பாத்துக்கோ. திரும்ப எனக்கு வாசிச்சுக் காட்டாண்டாம். வாசிச்சு வாசிச்சு உனக்குத் தொண்டை போச்சு."

பன்னிரண்டு அத்தியாயத்துக்கும் என் தொண்டை போகவில்லை.

மே 31

ஞாயிறு. தீபா பேசினாள். எல்லாம் முடிந்ததா என்றாள். நாளை என்றேன்.

காலையிலிருந்து யோசித்ததை எழுதிவிடுகிறேன். எளிதான வழி ஒன்று இருக்கிறது. வகை ஒன்றை எடுத்துவிட்டு, டீச்சரின் கடிதத்தை மட்டும் நாற்பத்தேழாக வைப்பது. யாருக்கும் தெரியாது. கவர் பீரோவுக்குள் போய்விடும். அவர் பெயருக்கு ஒன்றும் வராது. இலக்கியப் பிரிவில் அமரும் நடுவர்கள் பழைய ஆட்கள், அவரைப் பல காலமாகத் தெரிந்தவர்கள். கட்டுரையில் அவர் அந்தக் கவரைப் பற்றி எழுதியதை மறந்துவிடவும் கூடும்.

ஆனால் களியக்காவிளையில் இன்னும் ஒன்று இரண்டு வரும். வாங்குகிறவர் பெருமாளைத் திறந்து ஒத்துப் பார்ப்பார். சரியாக இருக்கும். இவர் புத்தகத்தையும் திறந்து பார்ப்பார். அங்கே அதைப் பற்றி ஒன்றும் இருக்காது. எதையும் மறுக்காத புத்தகம் ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

மதியம் அவர் தூங்கியபோது பீரோவைத் திறந்து கவரை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். புது முனை போட்டேன். காம்பஸ் பேனாவால் வட்டத்தை இழுத்து, அந்தத் தடிப்பு எங்கே விழ வேண்டுமோ அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்தேன். ஒரே இழுப்பில் வந்தது. இவ்வளவு சுலபமாக எந்த முத்திரையும் எனக்கு வந்ததில்லை. சங்கை இடம்புரியாக வரைந்தேன். பக்கத்தில் டீச்சரின் கடிதத்து முத்திரையை இன்னொரு முறை, கோணல் வட்டத்தோடு, சிறிதாக வரைந்தேன், பார்க்கிறவர்கள் ஒத்துப் பார்ப்பதற்காக.

நாளை நாற்பத்தேழில் வகைகள் இருக்காது. ஈத்தன்குழிக்கு ஒரே முத்திரை, டீச்சர் வீட்டு முத்திரை. மற்றது கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போகிறது, காலியாக இருக்கும் பாதிக்கு. படத்தின் கீழே வரவேண்டியதைத் தனித்தாளில் எழுதிவைத்திருக்கிறேன்: 'ஈத்தன்குழி. போலி. பெருமாள் கையேட்டில் அச்சுப்பிழையால் சங்கு திரும்பிய படத்தைப் பார்த்துச் செய்தது. வட்டத்தின் தடிப்பையும் காண்க. ஆசிரியர் சேகரிப்பு.'

கடைசி இரண்டு சொற்களை ஒருமுறை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

அது வலப்பக்கத் தாள். இடம்புரிச் சங்கு பக்கத்துக்குள் பார்த்துக்கொண்டு நிற்கும், ராஜநாயகத்துக்குப் பிடிக்கும்.

அவர் எழுந்துவிட்டார். கூடத்தில் நடக்கும் சத்தம் கேட்கிறது. சொட்டுமருந்து நேரம். கவரை இன்னும் உள்ளே வைக்கவில்லை. முதலில் அதை வைக்க வேண்டும்.